ஒரு குடும்பத்தோடு ஒரு வருஷம்: கொழும்பில் பிள்ளைகளுக்கு உதவத் தொடங்குவோருக்கு

வருஷத் தொடக்கத்தில் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ், கிருலப்பனைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு, அதாவது சின்னச் சின்ன வீடுகள் நெருங்கி நிற்கும் குடியிருப்புகளுக்கு, கொப்பியும் பாடசாலைப் பையும் நிறையவே வந்து சேர்கின்றன. கொடுப்பவர்களின் மனசு நல்ல மனசுதான். ஆனால் மூன்று மாதம் கழித்து வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பையை வாங்கிய பிள்ளைகளில் சிலர் பாடசாலைக்கு வருவதை நிறுத்தியிருப்பார்கள். கொப்பி இல்லாததால் அவர்கள் நிற்கவில்லை. ஒரே ஒரு சீருடை, அது மழையில் காயவில்லை. அம்மா விடியற்காலை வேலைக்குப் போவதால் தம்பியைப் பார்க்க ஆள் இல்லை. கடன்காரர் வரும் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் வெளியே போய்விடுகிறார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாததால் ஒரு பிள்ளை முதலாம் வகுப்பிலேயே சேரவில்லை. இதில் எதுவும் ஒரு நாள் நிகழ்வில் தீராது.

அதனால் இந்த வழிகாட்டியின் கணக்கு சிறியது: எட்டுப் பத்துப் பேர், ஒரு குடும்பம், பன்னிரண்டு மாதம். அரசாங்கத்திடம் ஏற்கெனவே இருக்கும் கதவுகளை அந்தக் குடும்பத்தோடு கூடப் போய்த் தட்டுவதுதான் வேலையின் பெரும்பகுதி. பணம் அதற்குப் பிறகுதான்.

முதலில் உங்கள் பக்கத்தைச் சரி செய்யுங்கள்

குடும்பத்தைத் தேடுவதற்கு முன்பே மூன்று மாதச் செலவு கையில் சேர்ந்திருக்க வேண்டும். மாதச் சந்தா தருவதாகச் சொல்பவர்களில் இரண்டு மூன்று பேர் நாலாம் மாதம் நின்றுவிடுவார்கள், இது எல்லாக் குழுவிலும் நடப்பது. அப்படி நின்றாலும் குடும்பத்துக்குப் போவது நிற்கக் கூடாது. ஒரு பிள்ளையின் பஸ் காசை ஏற்றுக்கொண்டு பாதியில் விடுவது, தொடங்காமல் இருப்பதைவிட மோசம். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பெரியவர் வாக்குத் தவறியதாகத்தான் அது தெரியும்.

வங்கிக் கணக்கு இரண்டு பேர் கையெழுத்தில் இருக்கட்டும். கணக்கு எழுதுபவர் வீட்டுக்குப் போகும் ஆளாக இருக்க வேண்டாம். வீட்டுக்குப் போவது எப்போதும் இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண். எந்த நல்ல மனிதரும், எந்தச் சமயத் தலைவரும், பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பிள்ளையைத் தனியாக வாகனத்தில் ஏற்றிப் போகவும் கூடாது. இந்த விதியை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். யாராவது முகம் சுளித்தால் அவரைக் குடும்பத்தின் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

படம் எடுப்பது பற்றி ஒரே பேச்சு: வேண்டாம். பிள்ளை பையை வாங்கும் படம் முகநூலில் போனால் அடுத்த நாள் வகுப்பில் அது பேச்சாகிவிடும். பணம் தந்தவர்களுக்குப் பற்றுச்சீட்டும், பெயர் இல்லாத ஒரு பக்க மாத அறிக்கையும் போதும்.

குடும்பத்தைக் கண்டுபிடிப்பது

அதிகம் கஷ்டப்படும் வீடு கை நீட்டி முன்னால் வராது. விநியோக வரிசையில் முதலில் நிற்பவர்கள் தகவல் தெரிந்தவர்கள். இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவர் வகுப்பாசிரியர்: வாரத்தில் இரண்டு நாள் வராத பிள்ளை யார், இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டி திறக்காத பிள்ளை யார் என்று அவருக்குத் தெரியும். மற்றவர் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மிட்வைஃப். நகர எல்லைக்குள் தாய் சேய் கிளினிக்குகளை மாநகர சபையின் சுகாதாரத் திணைக்களம் நடத்துகிறது. எந்த வீட்டில் எந்தக் குழந்தையின் நிறை ஏறவில்லை என்பது மிட்வைஃப்பின் பதிவேட்டில் இருக்கும்.

அவர்கள் பெயரை நேரே உங்களிடம் தரக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது. "இப்படி ஒரு குழு இருக்கிறது, அவர்கள் வந்து பேசலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்பதே முறை. சம்மதம் வந்த பிறகு போங்கள்.

முதல் மூன்று சந்திப்புகள்

முதல் தடவை கையில் எதுவும் கொண்டு போக வேண்டாம். பொருளோடு போனால் பேச்சு முழுக்கப் பொருளைப் பற்றியே ஆகிவிடும். கொப்பியும் பேனாவும்கூடப் பைக்குள் இருக்கட்டும். வெளியே வந்து எழுதுங்கள். தோட்டத்து வீடுகளில் சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டுக்கு எல்லாம் கேட்கும். கடன், கணவர், குடி பற்றிய பேச்சைக் கோயில் மண்டபத்திலோ ஆலய வளவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியின் வடிவம் முக்கியம். "பிள்ளை ஒழுங்கா ஸ்கூலுக்குப் போறானா?" என்று கேட்டால் எந்தத் தாயும் "போறான்" என்றுதான் சொல்வாள். "அக்கா, போன கிழமை எத்தனை நாள் போனான்? போகாத நாள் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். "சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" என்பதற்குப் பதிலாக "நேத்து ராத்திரி என்ன சமைச்சீங்க? கடைக் கொப்பியில எவ்வளவு நிக்குது?" என்று கேளுங்கள். நாட்டாமி வேலைக்கு, அதாவது மூட்டை சுமக்க, புறக்கோட்டைக்குப் போகும் அப்பாவிடம் மாத வருமானம் கேட்டால் அவரால் சொல்ல முடியாது. போன கிழமை எத்தனை நாள் வேலை கிடைத்தது என்றால் சரியாகச் சொல்வார். அம்மம்மா வீட்டில் இருந்தால் அவரோடும் உட்காருங்கள். அம்மா வெளிநாட்டில் வேலை செய்யும் வீடுகளில் உண்மையில் பிள்ளை வளர்ப்பவர் அவர்தான்.

மூன்றாவது சந்திப்பில் குடும்பமே ஒரு பட்டியல் சொல்லட்டும்: முதலில் எது சரியாக வேண்டும்? உங்கள் பட்டியலில் பிள்ளையின் டியூஷன் முதலாவதாக இருக்கலாம். அவர்கள் பட்டியலில் ஒழுகும் கூரைத் தகரம் முதலாவதாக இருக்கும். தகரத்தில் தொடங்குங்கள். இரவில் தூங்க முடியாத பிள்ளை படிக்காது.

பத்திரங்கள்: இங்கேதான் அதிக நேரம் போகும்

நம் ஆட்களுக்கு அலுப்பூட்டும் பகுதி இது. ஆனால் ஒரு வருஷத்தில் நீங்கள் செய்வதில் நெடுங்காலம் நிலைக்கப் போவதும் இதுதான். ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்குங்கள், வெள்ளத் தண்ணீர் புகாத மூடி உள்ளதாக. அதில் சேர வேண்டியவை: எல்லாருடைய பிறப்புப் பத்திரம், பெற்றோரின் திருமணப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதிகள், பிள்ளைகளின் கிளினிக் பதிவேடு, பாடசாலை அறிக்கைகள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம்.

பிறப்புப் பத்திரம் தொலைந்திருந்தால் வேலை சுலபம். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம். பிறப்பே பதியப்படாமல் இருந்தால்தான் நடை அதிகம். பிறந்து மூன்று மாதம் தாண்டிவிட்டால் அது காலங்கடந்த பதிவு. பிள்ளை பிறந்த வைத்தியசாலையின் பதிவு, கிளினிக் பதிவேடு, ஞானஸ்நானப் பத்திரம் இருந்தால் அது, பெற்றோரின் பத்திரங்கள், சத்தியக் கடதாசி எல்லாம் கேட்பார்கள். தேடியும் பதிவு கிடைக்காத பிள்ளைக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்றொரு வழி இருக்கிறது. அதுவரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். 5 வயது முதல் 16 வயது வரை கல்வி சட்டப்படி கட்டாயம். அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திடமும் பத்திர வேலை நடப்பதற்கான ஆதாரத்தைக் காட்டிப் பேசுங்கள். அப்பாவின் பெயர் இல்லை, திருமணப் பதிவு இல்லை என்ற வெட்கத்தாலேயே பல தாய்மார் பதியாமல் விடுகிறார்கள். பெற்றோர் திருமணம் செய்யாவிட்டாலும் பிறப்பைப் பதியலாம் என்று முதலிலேயே அவருக்குச் சொல்லுங்கள்.

அடுத்த தடை பெயர் எழுத்து. பிறப்புப் பத்திரத்தில் தமிழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் சிங்களத்தில் இன்னொரு விதமாகவும், வங்கியில் ஆங்கில எழுத்தில் மூன்றாவது விதமாகவும் அதே ஆள் இருப்பார். சமாதான நீதவான் முன்னிலையில் "இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே ஆளைக் குறிக்கும்" என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து, ஐந்து பிரதி எடுத்துக் கோப்பில் வையுங்கள். உதவிப் பணம் வரும்போது இது இல்லாமல் வங்கியில் திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது.

எல்லாரும் ஜி.எஸ். என்று சொல்லும் கிராம உத்தியோகத்தரின் சான்றுதான் மற்ற எல்லாவற்றுக்கும் சாவி. வாடகை அறையில் இருக்கும் குடும்பங்களை வீட்டுக்காரர் வாக்காளர் இடாப்பில் பதிய விடுவதில்லை. வீட்டில் உரிமை கேட்டுவிடுவார்களோ என்று பயம். தோட்டத்தை உடைத்துத் தொடர்மாடிக்கு மாற்றப்பட்ட குடும்பங்கள் பழைய பிரிவிலேயே பதிவில் இருக்கும், புதிய ஜி.எஸ்.ஸுக்கு அவர்களைத் தெரியாது. இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: பாடசாலைக் கடிதம், கிளினிக் பதிவேடு, கோயில் அல்லது ஆலயக் கடிதம், அயலவர் இருவரின் எழுத்து எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, குடும்பத்தோடு நேரில் போவது. அலுவலகம் திறக்கும் நாளையும் நேரத்தையும் கதவில் பார்த்துப் போங்கள். நாட்கூலி வீட்டுக்கு ஒரு வெறும் நடை என்பது ஒரு நாள் சம்பளம்.

தமிழில் விண்ணப்பம் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பிலேயே உரிமை இருக்கிறது. தன்மையாகக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் எழுத்தில் கேளுங்கள். விளங்காத சிங்களப் படிவத்தில் அந்த அம்மாவைக் கையெழுத்து வைக்க விடாதீர்கள்.

கோப்பு நிறைந்த பிறகு பிரதேச செயலகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். சமுர்த்தி நிவாரணப் பணத்துக்குப் பதிலாக 2023இல் வந்த அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பணத்துக்கான வேலை அங்கேதான். கணக்கெடுப்புக்குப் பிறகு வீடு மாறியவர்களும் அடையாள அட்டை இல்லாதவர்களும் அதில் விடுபட்டிருப்பார்கள். மேன்முறையீடு அறிவிக்கப்பட்ட காலத்துக்குள் மட்டுமே எடுக்கப்படும் என்பதால் அறிவித்தலைக் கவனித்துக்கொண்டிருங்கள். அதே கட்டடத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், மகளிர் பிரிவு எல்லாம் இருக்கின்றன. ஒரு தடவை எல்லா மேசைக்கும் போய் முகம் காட்டி வாருங்கள். பிறகு அவசரம் வரும்போது யாரிடம் பேசுவது என்று தேட வேண்டியதில்லை.

அப்பா விட்டுப் போன வீடாக இருந்தால், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பிள்ளைக்குத் தாபரிப்புப் பணம், அதாவது வளர்ப்புச் செலவு, கேட்கலாம். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் இந்த உரிமை உண்டு. வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்குவார்கள். புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருப்பது அதற்காகத்தான். அடிக்கிற கணவர் என்றால், வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண் முடிவு செய்யட்டும், அவசரப்படுத்தாதீர்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938ஐ அவருக்கு மனப்பாடமாக்கிக் கொடுங்கள்.

சாப்பாடு

நிவாரணப் பொதி என்றால் அரிசி, சீனி, கோதுமை மா. பெற்றோர் இருவரும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு கிலோ அரிசிக்குக் குறையாமல் போகும், 5 கிலோப் பை ஒரு கிழமைக்குக் காணாது. அரிசியை எப்படியோ கடன் வாங்கியாவது குடும்பம் சேர்த்துவிடும். முதலில் வெட்டுப்படுவது முட்டையும் மீனும் பருப்பும். அதனால் நீங்கள் அந்தப் பக்கத்தை நிரப்புங்கள். ஐந்து பேருக்கு மாதம் ஒரு தடவை: மைசூர்ப் பருப்பு 3 கிலோ, நெத்தலிக் கருவாடு 1 கிலோ, பயறு 1 கிலோ, தேங்காய் எண்ணெய் 1 லீற்றர். முட்டை 30, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் 60 முட்டையை ஒன்றாகக் கொடுத்தால் கடைசிப் பத்தும் பழுதாகும்.

கொண்டைக்கடலை மலிவு, சத்து. ஆனாலும் யோசித்துக் கொடுங்கள். அது வேக நேரம் எடுக்கும், மண்ணெண்ணெயும் காஸும் அதைவிட விலை. மைசூர்ப் பருப்பு கால் மணித்தியாலத்தில் அவியும், அதனால்தான் அது பட்டியலில் முதலாவது. கடலை கொடுப்பதானால் முதல் நாள் இரவே ஊறப்போடச் சொல்லுங்கள்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் திரிபோஷவைக் கவனியுங்கள். சோளமும் சோயாவும் சேர்த்து விற்றமின், கனியுப்பு கலந்த மா அது. நிறை குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கிளினிக்கில் இலவசம், 750 கிராம் பக்கெட் மாதம் இரண்டு. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவார்கள், ஒரு கிழமையில் முடிந்துவிடும், நிறை குறைந்த குழந்தைக்கு இரண்டு உருண்டைதான் கிடைத்திருக்கும். அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். பசித்த மூத்த பிள்ளைக்கு முன்னால் இளையதுக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாயாலும் முடியாது. மூத்த பிள்ளைகளுக்கு மாலை வேளையில் தின்ன அவித்த பயறோ முட்டையோ வீட்டில் இருந்தால் திரிபோஷ உரியவரிடம் போய்ச் சேரும்.

கிளினிக் பதிவேட்டில் நிறைக்கோடு இரண்டு மாதமாகத் தட்டையாகப் போனாலோ கீழே இறங்கினாலோ மிட்வைஃப்பிடம் கூட்டிப் போங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, மேல் கையின் நடுச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே இருந்தால் அது கடும் போசாக்கின்மை. அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். பால்மாப் பக்கெட் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் மாவை அன்பளிப்பாக எப்போதும் கொடுக்க வேண்டாம். பொதுக் குழாய்த் தண்ணீரும் சரியாகக் கழுவாத போத்தலும் சேர்ந்தால் வயிற்றோட்டம்தான் வரும்.

பாடசாலை

பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. தையற்கூலி, சப்பாத்து, கொப்பி, பஸ் காசு குடும்பத்தின் தலையில். ஒரு பிள்ளைக்கு இரண்டு சீருடை, இரண்டு சோடிக் காலுறை, ஒரு குடை. இது குறைந்தபட்சம், குறிப்பாக மே, ஒக்ரோபர் மழைக்கு. சப்பாத்தைப் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போய் அளவு பார்த்து வாங்குங்கள்; உத்தேசமாக வாங்கியது கடித்தால் அதுவே பாடசாலைக்குப் போகாததற்குக் காரணமாகும். பெரிய பெண் பிள்ளை இருந்தால் மாதாந்தப் பட்டியலில் நப்கின் பக்கெட்டையும் எழுதுங்கள், அதைக் கொடுப்பது உங்கள் குழுவின் பெண்ணாக இருக்கட்டும்.

மாதம் ஒரு தடவை வகுப்பாசிரியரிடம் வரவு நாட்களைக் கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் வேலை பலிக்கிறதா என்று காட்டும் ஒரே நேர்மையான எண் அது. மாதம் நாலு நாளுக்கு மேல் விடுபட்டால் வீட்டுக்குப் போய் காரணம் கேளுங்கள். பதினாலு வயதுப் பையன் கடையில் பொதி கட்டப் போகிறான் என்றால் கடை முதலாளிக்கும் பெற்றோருக்கும் சட்டத்தைச் சொல்லுங்கள்: 2021 முதல் வேலைக்கு எடுக்கும் குறைந்த வயது 16. ஆனால் அவன் கொண்டுவந்த காசு வீட்டில் எதற்குப் போனது என்று பார்த்து அந்த ஓட்டையை அடைக்காமல் சட்டத்தை மட்டும் சொன்னால், அவன் கண்ணில் படாத இன்னொரு இடத்தில் வேலைக்குப் போவான். நெடுநாள் பாடசாலை விட்ட பிள்ளைக்கு வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவில் கேளுங்கள்.

கடன்

நுண்கடன் கிழமைத் தவணை, மீட்டர் வட்டி, அடகு, கடைக் கொப்பி. நாலையும் ஒரே தாளில் எழுதச் செய்யுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எந்த நாள், என்ன வட்டி. பெரும்பாலான வீடுகளில் இந்தத் தாளை எழுதுவது இதுவே முதல் தடவை. கடனைக் கட்டித் தீர்த்துவிட வேண்டும் என்று தோன்றும்; செய்யாதீர்கள். வருமானம் அப்படியே இருந்தால் ஆறு மாதத்தில் அதே இடத்தில் புதிய கடன் நிற்கும், அதையும் நீங்கள் தீர்ப்பீர்கள் என்று கடன்காரருக்கும் தெரிந்திருக்கும். மீட்டர் வட்டி மட்டும் விதிவிலக்கு. அது ஒவ்வொரு நாளும் வளர்வதால் குறைந்த வட்டிக்கு மாற்ற உதவலாம். தையல் மெஷின், இடியப்ப உரல், பாய் என்று தொழிலுக்கு எதையாவது வாங்கிக் கொடுக்கும் முன், அந்தத் தோட்டத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் இடியப்பம் விற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆபத்து என்று தெரிந்தால்

பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால் கேளுங்கள், நம்புங்கள், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேட்கக் கூடாது. பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே, திகதியோடு எழுதுங்கள். சந்தேகப்படும் ஆளிடம் நீங்களே போய் விசாரித்தால் பிள்ளையை அவர் மிரட்டுவார், ஆதாரமும் போய்விடும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இருபத்து நாலு மணித்தியாலமும் இலவசம், தமிழில் பேசலாம். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவு இருக்கும். பாலியல் வன்முறை என்றால் பிள்ளையைக் குளிப்பாட்டாமல், உடுப்பைத் துவைக்காமல், நேரே அரச வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். தாயோ தந்தையோ உயிரை மாய்க்கும் பேச்சுப் பேசினால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

"பிள்ளையை ஒரு இல்லத்தில் விட்டுவிடலாமா?"

இந்தக் கேள்வியைச் சில தாய்மார் கண்ணீரோடு கேட்பார்கள். சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார். வறுமையும் பிரிவும்தான் அவர்களை அங்கே கொண்டுபோனது. வறுமைக்காக மட்டும் பிள்ளையைப் பிரிக்க வேண்டியதில்லை என்று உறுதியாகச் சொல்லுங்கள். அம்மம்மா, பெரியம்மா, மாமா வீடு என்று உறவில் முதலில் பாருங்கள். வீடு உண்மையிலேயே ஆபத்து என்றால் அது நீதிமன்றமும் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களமும் எடுக்க வேண்டிய முடிவு. "இலவசமாகப் படிக்க வைக்கிறோம்" என்று பிள்ளையை வேறு ஊருக்குக் கூட்டிப்போகக் கேட்பவர் யாராக இருந்தாலும், அந்த இடம் திணைக்களத்தில் பதியப்பட்டதா என்று அங்கேயே கேட்டு உறுதி செய்யாமல் அனுப்ப விடாதீர்கள். நேரம் தர முடியாது, மாதம் ஒரு தொகை மட்டும் தர முடியும் என்பவர்களைப் பிரதேச செயலகத்தில் செவன சரண வளர்ப்புப் பெற்றோர் திட்டம் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.

விலகும் விதம்

ஒன்பதாம் மாதமே குடும்பத்திடம் முடிவுத் திகதியைச் சொல்லுங்கள். பத்தாம் மாதத்திலிருந்து பொருளைக் குறையுங்கள், சந்திப்பைக் குறைக்காதீர்கள். அரசாங்க அலுவலகத்துக்கு அந்த அம்மா தனியாகப் போய் ஒரு வேலையை முடித்து வரட்டும், நீங்கள் வாசலில் காத்திருங்கள். பன்னிரண்டாம் மாதம் பத்திரக் கோப்பு அவர் கையில் இருக்க வேண்டும். உங்கள் கைபேசிகளில் உள்ள பிறப்புப் பத்திரப் படங்களையும் அடையாள அட்டைப் படங்களையும் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். அடுத்த தவணை தொடங்கி இரண்டாம் கிழமை, வகுப்பாசிரியரிடம் வரவைப் பற்றி ஒரு தடவை கேளுங்கள்.